சேக் பேனிக்: லினக்ஸ் சர்வரை ஒரே இணைப்பில் சாய்க்கும் ஓட்டை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 ஜூன் மாதம் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர் லாரிதான் முதலில் நினைவுக்கு வரும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஓஎம்ஆர் பக்கம் சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன மாதம் அது. அதே மாதம் 17ஆம் தேதி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், நெட்வொர்க் பகுதியில் பத்து வருடமாக இருந்த ஒரு ஓட்டை வெளியே வந்தது. பெயர் 'சேக் பேனிக்'.

அம்பத்தூர், கிண்டி, பெருங்குடிப் பக்கம் சிறு அலுவலகங்களின் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் மாணவர்களுக்கு நெட்வொர்க்கிங் வகுப்பும் எடுக்கிறேன். முதலாளிகள், கணக்குப் பிரிவினர், மாணவர்கள் என்று எல்லோரிடமிருந்தும் இதைப் பற்றி அதே சந்தேகங்கள் இன்றுவரை வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

மேடம், சேக் பேனிக்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

எங்கோ இருக்கும் ஒருவர், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல், உங்கள் லினக்ஸ் சர்வரோடு ஒரு சாதாரண டிசிபி இணைப்பு (தரவு தொலையாமல் போய்ச் சேர இரு மெஷின்களும் பின்பற்றும் பேச்சு முறை) போட்டு, குறிப்பிட்ட விதமாகப் பேக்கெட்டுகளை, அதாவது சிறு தரவுத் துண்டுகளை, அனுப்பி, சர்வரை அப்படியே நிறுத்திவிட முடியும். அதுதான் சேக் பேனிக்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் இதன் பதிவு எண் சிவிஇ-2019-11477. கண்டுபிடித்தவர் நெட்ஃபிளிக்ஸில் பணிபுரிந்த ஜானதன் லூனி. 2009இல் வெளிவந்த 2.6.29 கர்னலிலிருந்து, திருத்தம் வரும்வரை வந்த எல்லாக் கர்னல்களிலும் இந்த ஓட்டை இருந்தது.

ஏம்மா, இது வைரஸா? என் கணக்கு வழக்கெல்லாம் திருடிட்டுப் போயிடுவாங்களா?

இல்லை சார். இதை வைத்து உள்ளே நுழைய முடியாது, கோப்பைப் படிக்க முடியாது, ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சர்வர் நிற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யக் கணக்கர் உட்கார்ந்திருக்கும்போது பில்லிங் சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எழுதிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் பாதியில் நின்றால் மறுபடி எழும்போது சரிபார்த்துத்தான் எழும், அதற்கு நேரம் பிடிக்கும். திருட்டு இல்லை என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, சேக்னா என்னன்னே எனக்குப் புரியலை. அதுல ஆரம்பிங்க.

முந்நூறு பக்கக் கோப்பு ஒன்றைத் தோழிக்குப் பக்கம் பக்கமாக அனுப்புகிறாய். 41ஆம் பக்கம் வழியில் தொலைந்துவிட்டது, 42 முதல் 60 வரை போய்ச் சேர்ந்துவிட்டன. பழைய டிசிபி முறையில் அவள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "40 வரைக்கும் வந்துடுச்சு." அதற்குப் பிறகு எது போனது, எது போகவில்லை என்பது உனக்குத் தெரியாது. வந்து சேர்ந்ததையும் சேர்த்து மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பாய்.

சேக் வந்த பிறகு அவள், "40 வரைக்கும் வந்துடுச்சு, 42லேர்ந்து 60ம் கையில இருக்கு" என்று சொல்லலாம். நீ 41ஐ மட்டும் அனுப்பினால் போதும். 'தேர்ந்தெடுத்து ஒப்புக்கொள்வது' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் சேக். 1996 அக்டோபரில் ஆர்எஃப்சி 2018 என்ற இணையத் தர ஆவணம் இதை வரையறுத்தது. இன்று ஏறக்குறைய எல்லா இயங்குதளமும் இதைத்தான் பயன்படுத்துகிறது.

நல்ல வசதிதானே அக்கா, அதுல எப்படி ஓட்டை வந்துச்சு?

ஓட்டை சேக் என்ற யோசனையில் இல்லை. லினக்ஸ் அதைக் கணக்கு வைத்துக்கொண்ட இடத்தில் இருந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படி, கூட்டல் பெருக்கல்தான்.

சர்வர் அனுப்பும் தரவைக் கர்னல் சிறு பொட்டலங்களாக வைத்துக்கொள்ளும். ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 17 துண்டுகள் இருக்கலாம். நம் அலுவலகங்களில் இருக்கும் எக்ஸ்86 வகை (இன்டெல், ஏஎம்டி) மெஷின்களில் ஒரு துண்டு 32 கிலோபைட் வரை போகும். ஆக, ஒரு பொட்டலம் நிறைந்தால் 17 × 32 × 1024 = 5,57,056 பைட். இந்தப் பொட்டலம் கம்பியில் போகும்போது எத்தனை சிறு பகுதிகளாகப் பிரியும் என்ற எண்ணிக்கையை ஒரு 16 பிட் கட்டத்தில் எழுதி வைப்பார்கள். அந்தக் கட்டம் 65,535 வரைதான் தாங்கும்.

சாதாரணமாக ஒரு பகுதி 1,400 பைட்டுக்கு மேல் இருக்கும் என்பதால் எண்ணிக்கை சில நூறைத் தாண்டாது, 65,535 என்பது எட்டாத உயரம். ஆனால் ஒரு பகுதிக்கு 8 பைட் தரவுதான் என்று எதிர்முனை கட்டாயப்படுத்தினால்? 5,57,056ஐ 8ஆல் வகுத்துப் பார், 69,632 வரும். கட்டம் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏறி, 4,096 என்று காட்டும். 69,632 பகுதிகள் இருக்கும் இடத்தில் 4,096தான் இருக்கிறது என்று கர்னல் நம்பிவிடும்.

பொட்டலம் ஏன் அவ்வளவு நிரம்புகிறது என்பதில்தான் சேக் வருகிறது. "இதுவும் வந்துடுச்சு, அதுவும் வந்துடுச்சு" என்று எதிர்முனை சேக் அனுப்ப அனுப்ப, ஒப்புக்கொள்ளப்பட்ட பக்கத்துப் பக்கத்துப் பொட்டலங்களைக் கர்னல் ஒன்றாக இணைக்கும். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது. 17 துண்டும் நிரம்பும்வரை இணைத்துக்கொண்டே போகும்படி தாக்குபவர் சேக் செய்திகளை அடுக்குவார்.

அந்த எட்டு பைட் எங்கிருந்து வந்துச்சு?

இணைப்பின் முதல் பேக்கெட்டில் ஒவ்வொரு முனையும் "எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு பைட்தான் அனுப்பணும்" என்று சொல்லும். அதன் பெயர் எம்எஸ்எஸ். ஈதர்நெட்டில் வழக்கமாக 1,460. குறைந்தபட்சம் 48 வரை லினக்ஸ் ஒத்துக்கொண்டது. அந்த 48இல் டிசிபி விருப்பக் குறிப்புகள் 40 பைட் வரை எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 8.

48 என்று கேட்கும் நேர்மையான மெஷினை என் அனுபவத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கர்னல் மறுக்காமல் தலையாட்டியது.

கணக்கு தப்பினா தப்பட்டுமே, அதுக்கு மெஷினே ஏன் நிக்கணும்?

நல்ல கேள்வி. பொட்டலங்களை இணைக்கும்போது ஒன்றின் கணக்கில் கூட்டி, இன்னொன்றின் கணக்கில் கழிக்க வேண்டும். கழிப்பதற்கு முன் கர்னலில் ஒரு சோதனை இருக்கிறது: இருப்பதைவிட அதிகமாகக் கழிக்கச் சொல்கிறார்களா? அப்படிச் சொன்னால் எங்கோ கணக்கு கெட்டுவிட்டது என்று பொருள். கெட்ட கணக்கோடு நினைவகத்தைத் தொட்டால் இதைவிட மோசமாக ஏதாவது நடக்கலாம் என்பதால், அந்த இடத்திலேயே கர்னல் தன்னை நிறுத்திக்கொள்ளும். பாதுகாப்புக்காக வைத்த சோதனையைத்தான் தாக்குபவர் பிடித்து இழுக்கிறார்.

கர்னல் நிற்பது எப்படி இருக்கும் என்று வகுப்பில் ஒரு தடவை காட்டினேன். இந்த ஓட்டையைத் தொடவில்லை, கர்னலிலேயே இருக்கும் சோதனைக் கட்டளையால் வேண்டுமென்றே நிறுத்தினேன். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டெஸ்க்டாப், அதில் வட்ட முனை பழைய கீபோர்டு. கட்டளை கொடுத்த மறுநொடி திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, 'கர்னல் பேனிக்' என்ற வரியோடு உறைந்தன. கீபோர்டில் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சிமிட்ட ஆரம்பித்தன. எந்த விசையை அழுத்தியும் அசையவில்லை. முன் பெஞ்சில் இருந்த பையன் தன் லேப்டாப்பிலிருந்து பிங் செய்துகொண்டே இருந்தான், பதிலே இல்லை. மெஷினில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொலைவில் இருந்து பார்த்தால் உங்கள் சர்வரும் அப்படித்தான் இருக்கும்: மின்சாரம் இருக்கும், உயிர் இருக்காது.

இதுவும் டிடாஸ் தாக்குதல் மாதிரிதானே?

விளைவு ஒன்று, வழி வேறு. டிடாஸ் என்றால் ஆயிரக்கணக்கான மெஷின்களிலிருந்து வெள்ளமாக அனுப்பி, லைனை அடைப்பார்கள். வெள்ளம் நின்றால் சர்வர் மூச்சு விடும். சேக் பேனிக்குக்கு ஒரே மெஷின், ஒரே இணைப்பு போதும். விழுந்த சர்வரை யாராவது மறுபடி கிளப்பும்வரை அது எழாது.

ஒரு வேறுபாடு நமக்குச் சாதகமானது. இங்கே இணைப்பு முழுதாக ஏற்பட வேண்டும், சர்வர் நிறையத் தரவும் அனுப்ப வேண்டும். பொய் முகவரியிலிருந்து செய்வது கடினம்.

எங்க ஆபீஸ்ல ஃபயர்வால் இருக்கே மேடம், அப்புறம் என்ன பயம்?

உங்கள் இணையதளத்தை வெளியுலகம் பார்க்க 443 போர்ட் என்ற வாசலை அந்த ஃபயர்வாலே திறந்து வைத்திருக்கிறது. தாக்குபவர் வருவதும் அந்த வாசல் வழியாகத்தான், பார்ப்பதற்கு ஒரு சாதாரண வாசகர் போலத்தான். பெரிய பிடிஎஃப் ஒன்றை டவுன்லோட் செய்கிறவருக்கும் இவருக்கும் தொடக்கத்தில் உள்ள ஒரே வித்தியாசம், அந்தச் சிறிய எம்எஸ்எஸ். அதைப் பார்த்து வடிகட்டும் விதி இருந்தால்தான் ஃபயர்வால் உதவும். அந்த விதியைக் கீழே சொல்கிறேன்.

விண்டோஸ் சர்வருக்கும் இது உண்டா?

இல்லை, இது லினக்ஸ் கர்னலின் ஓட்டை. அதே அறிவிப்பில் ஃப்ரீபிஎஸ்டி 12 என்ற வேறோர் இயங்குதளத்தில் 'ரேக்' என்ற தனி டிசிபி பகுதியைப் பயன்படுத்துபவர்களுக்கான ஓட்டை ஒன்றும் சொல்லப்பட்டது, எண் சிவிஇ-2019-5599. அந்தப் பகுதி இயல்பாக இயங்குவதில்லை.

நாங்க எல்லாத்தையும் டாக்கர்ல வெச்சிருக்கோம் அக்கா, ஒரு கன்டெய்னர் போனா போகட்டும்.

இந்த நினைப்புதான் எனக்குக் கவலை. டாக்கர் கன்டெய்னர் என்பது நிரலைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓடவைக்கும் முறை, அதற்குத் தனிக் கர்னல் கிடையாது, அடியில் இருக்கும் ஒரே கர்னலைத்தான் எல்லாமே பகிர்ந்துகொள்கின்றன. அது நின்றால் அந்த மெஷினில் உள்ள இருபது கன்டெய்னரும் சேர்ந்து விழும். விர்ச்சுவல் மெஷின் (ஒரு மெஷினுக்குள் மென்பொருளால் உருவாக்கும் முழுக் கணினி) என்றால் அந்த ஒன்று மட்டும் விழும், ஏனென்றால் அதற்குள் தனிக் கர்னல் இருக்கிறது.

கிளவுட்ல இருக்கோம். அவங்க பாத்துக்க மாட்டாங்களா?

அவர்களுடைய மெஷின்களை அவர்கள் பார்ப்பார்கள். நீங்கள் வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கர்னல் உங்கள் பொறுப்பு. முன்னால், வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சர் இருந்து, டிசிபி இணைப்பு அதிலேயே முடிந்தால் வெளியாளின் பேக்கெட் உங்கள் மெஷினைத் தொடாது. இணைப்பை அப்படியே உள்ளே தள்ளும் வகை என்றால் தொடும்.

பேட்ச் போட்டாச்சு மேடம். முடிஞ்சதா?

பேட்ச் என்பது திருத்தம். அதைப் போட்ட பிறகு ரீபூட் செய்தீர்களா? இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

கிண்டியில் ஒரு அலுவலகம். அந்த ஜூனில் அவர்கள் ஆளே பேட்ச் போட்டுவிட்டதாகச் சொல்லி, பட்டியலில் பச்சை மையால் டிக் அடித்திருந்தார். நான் போனது ஆகஸ்டில், வேறு வேலையாக. வழக்கப்படி, ஓடும் கர்னலின் எண்ணைக் காட்டும் 'யூநேம் -ஆர்' கட்டளையை அடித்தேன். வந்தது பழைய எண். எத்தனை நாளாக ஓடுகிறது என்று 'அப்டைம்' அடித்தேன், இருநூறு நாளுக்கு மேல் காட்டியது. புதிய கர்னல் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. நினைவகத்தில் ஓடியது ஓட்டையுள்ள பழைய கர்னல். இரண்டு மாதம் அவர்கள் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அப்டேட் கட்டளை 'முடிந்தது' என்றுதான் சொல்லும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் எது என்று அது சொல்லாது. அன்று இரவு பத்து மணிக்கு எல்லோரும் போன பிறகு ரீபூட் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதனால் நிறுவப்பட்ட கர்னலைப் பார்க்காதீர்கள், ஓடும் கர்னலைப் பாருங்கள். லைவ் பேட்ச் வசதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே ஓடும் கர்னலிலேயே திருத்தம் ஒட்டப்படும், 'யூநேம்' பழைய எண்ணையே காட்டும். அந்த வசதியின் நிலைக் கட்டளையைத்தான் கேட்க வேண்டும்.

திருத்தம் 4.4.182லேர்ந்துன்னு சொல்றாங்க. எங்களோடது 3.10. அப்ப நாங்க காலியா?

அவசியமில்லை. மூலக் கர்னலில் 4.4.182, 4.9.182, 4.14.127, 4.19.52, 5.1.11 ஆகியவற்றில் திருத்தம் வந்தது. ஆனால் லினக்ஸைத் தொகுத்துத் தரும் ரெட் ஹேட், உபுண்டு போன்றவர்கள் தங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள். ரெட் ஹேட் வழியில் வரும் சென்ட்ஓஎஸ் 7 என்றால் 3.10.0-957.21.3 முதல் சரி. உபுண்டு 18.04இன் 4.15 வரிசை என்றால் 4.15.0-52 முதல் சரி. முதல் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் வால் எண்ணைப் பாருங்கள்.

மாசக் கடைசி மேடம், ரீபூட்டே பண்ண முடியாது. அதுவரைக்கும் என்ன செய்யறது?

இரண்டு தற்காலிக வழிகள் உண்டு. ஒன்று, 'டிசிபி_சேக்' என்ற கர்னல் அமைப்பைப் பூஜ்யமாக்குவது. புதிதாக வரும் இணைப்புகளில் சேக் பேச்சே எழாது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளில் மட்டும் முன்பு ஒத்துக்கொண்ட சேக் தொடரும், அதனால் நீண்ட இணைப்புகளைத் துண்டித்து மறுபடி இணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எம்எஸ்எஸ் 500 அல்லது அதற்குக் கீழே கேட்டு வரும் முதல் பேக்கெட்டை, லினக்ஸிலேயே இருக்கும் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதி நிராகரிப்பது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் 'டிசிபி_எம்டியூ_ப்ரோபிங்' என்ற கர்னல் அமைப்பு பூஜ்யத்தில் இருந்தால்தான் இது பலிக்கும், இல்லையென்றால் அளவு பிறகு வேறு வழியில் சுருங்கலாம். புதிய முகவரி முறையான ஐபிவி6க்கு இதே விதியைத் தனியாக எழுத வேண்டும். இதை மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்: முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டமாதிரி இருக்கும்.

அப்ப சேக்கை ஆஃப் பண்ணி அப்படியே விட்டுடலாமே?

வேண்டாம். 41ஆம் பக்கம் உதாரணத்தை நினைத்துப் பாருங்கள். மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பார்க் வரை மொபைலில் உங்கள் தளத்தைத் திறக்கிறவருக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பேக்கெட் தொலைந்துகொண்டே இருக்கும். சேக் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை பேக்கெட் தொலையும்போதும் சர்வர் தடுமாறும், பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கும். பேட்ச் போட்டு, ரீபூட் ஆனதும் மறக்காமல் 'டிசிபி_சேக்'கைத் திரும்ப 1 என்று மாற்றுங்கள்.

பேனிக் ஆனா பத்து செகண்ட்ல தானா ரீபூட் ஆகற மாதிரி செட் பண்ணிட்டேன் அக்கா. போதாதா?

அந்த அமைப்பு நல்லதுதான், நானும் எல்லாச் சர்வரிலும் வைப்பேன். இயல்பு நிலையில் கர்னல் பேனிக்கோடு அப்படியே நின்றுவிடும், நள்ளிரவில் யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டும். ஆனால் இது மருந்தாகாது. எழுந்த சர்வரை அடுத்த நிமிடமே மறுபடி சாய்க்கலாம், அதற்கும் ஒரே இணைப்பு போதும்.

மொத்தம் எத்தனை சிவிஇ? 11478, 11479ன்னு வேற வருதே.

11477தான் மெஷினை நிறுத்துவது. 11478இல் சேக் செய்திகளால் மறுபடி அனுப்ப வேண்டிய வரிசையைத் தூள் தூளாக்கி, கர்னலை அந்த நீண்ட வரிசையில் தேடவைத்துச் சோர்வடையச் செய்யலாம். 4.15க்கு முந்தைய கர்னல்களில் இந்த வலி அதிகம். 11479இல் சிறிய எம்எஸ்எஸ்ஸைக் கேட்டே பிராசஸரையும் லைனையும் வீணாக்கலாம். இரண்டும் மந்தமாக்கும், சாய்க்காது.

இங்கே ஒரு நுணுக்கம். சேக்கை அணைத்தால் முதல் இரண்டும் அடங்கும், 11479 அடங்காது. பேட்ச் போட்டாலும் 11479க்கு நீங்கள் கை வைக்க வேண்டும்: திருத்தத்தோடு 'டிசிபி_மின்_எஸ்என்டி_எம்எஸ்எஸ்' என்ற புதிய அமைப்பு வந்தது, ஆனால் அதன் இயல்பு மதிப்பு அதே 48. பழைய கருவிகள் உடையக்கூடாது என்று அப்படி விட்டார்கள். உங்களுக்கு அப்படிப்பட்ட கருவி இல்லை என்றால் ஏற்றி வையுங்கள்.

பேட்ச் போட்டு ரீபூட் பண்ணதும் எங்க ஆப் பாதியில தொங்குது. பேட்சையே எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். இது கற்பனை இல்லை, உண்மையிலேயே நடந்தது. 11478க்கான முதல் திருத்தம் நினைவக வரம்பைக் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டுவிட்டது. அனுப்பும் பஃபரை (தரவு காத்திருக்கும் தற்காலிக நினைவகத்தை) தாங்களே மிகச் சிறியதாக வைத்துக்கொள்ளும் நிரல்கள் அதில் மாட்டின. சில நாளிலேயே வரம்பைத் தளர்த்தும் திருத்தம் வந்தது. பின்வாங்காமல் அதற்கு அடுத்த கர்னலுக்குப் போங்கள்.

2019 கதை இது. இப்ப எதுக்கும்மா பேசணும்?

ஏனென்றால் உங்கள் மாடிப்படிக்குக் கீழே சிசிடிவி டிவிஆர் பெட்டி இருக்கிறது சார். வாசலில் கைரேகை வைக்கும் பெட்டியும் இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குள் ஓடுவது பழைய லினக்ஸ். விற்றவர் அப்டேட் தருவதில்லை, கேட்பாரும் இல்லை. ஊரிலிருந்து மொபைலில் கேமரா பார்க்க வேண்டும் என்று டிவிஆரின் போர்ட்டை ரவுட்டரில் நேரடியாகத் திறந்து வைத்திருப்பீர்கள். அதை மூடிவிட்டு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாகப் பாருங்கள். சென்ட்ஓஎஸ் 6 சர்வர் இன்னும் ஓடுகிறது என்றால், அதற்கான ஆதரவு 2020 நவம்பர் 30ஆம் தேதியே முடிந்துவிட்டது. சேக் பேனிக்குக்கு அதில் திருத்தம் கிடைத்திருக்கலாம், அந்தத் தேதிக்குப் பின் வந்த ஓட்டைகளுக்குக் கிடைக்காது.

அக்கா, எங்க காலேஜ் சர்வர்ல இதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமா?

கூடவே கூடாது. அனுமதி இல்லாமல் ஒரு கணினியின் இயக்கத்தைக் கெடுப்பதும், உரிமையுள்ளவருக்கு அது கிடைக்காமல் செய்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகின்றன. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. "சும்மா பார்த்தேன்" என்று போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உனக்கு வரவேண்டாம். வீட்டில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, வெளி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுப் படி. சந்தேகம் வந்தால் சனிக்கிழமை கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

சர்வர் நேத்து ராத்திரி விழுந்துச்சு மேடம். இதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கர்னல் நின்றுவிட்டால் கடைசி வரிகளை டிஸ்கில் எழுத அதற்கு அவகாசம் இருக்காது. லாக் கோப்பில் தேடினால் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்து சட்டென்று அறுந்துபோயிருக்கும். கர்னல் விழும்போது நினைவகத்தைப் பிடித்துவைக்கும் கேடம்ப் வசதியை முன்பே அமைத்திருந்தால் அந்த நொடியின் நினைவகம் சேமிக்கப்பட்டிருக்கும். அதில் 'டிசிபி_ஷிஃப்டட்_எஸ்கேபி' என்ற பெயர் நின்ற இடத்தில் இருந்தால் சந்தேகம் வலுவாகும், நான் சொன்ன அந்தக் கழித்தல் சோதனை அதற்குள்தான் இருக்கிறது. ரேம் கெட்டுப்போனாலும், டிரைவர் மென்பொருள் தப்பானாலும் சர்வர் இதேபோல் விழும், ஆகவே பெயரைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

தாக்குதல்தான் என்று தெரிந்தால், 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன் தந்த உத்தரவின்படி, கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சேவை மறுப்புத் தாக்குதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, சின்ன கம்பெனிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்த தடவை விழுந்தால் பவர் பட்டனைத் தொடுவதற்கு முன், மானிட்டரில் உறைந்து நிற்கும் எழுத்துகளை மொபைலில் தெளிவாகப் படம் எடுங்கள், மேலிருந்து கீழ்வரை. பட்டனை அழுத்திவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.